செவிக்கு எது இனிது?
(உயர்விலை ஹெட்போன்களின் ஒலியை ஒப்பிடும் முறை பற்றி ஓர் ஆய்வு)

முன்னுரை

கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு உதடு உண்டு. செவிக்கு மட்டும் இயற்கை மூடி வைக்கவில்லை. நாம் உறங்கும்போதும் அது விழித்திருக்கிறது. வள்ளுவப் பெருந்தகை 'கேள்வி' என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்து, செவி வழியாக வரும் செல்வத்தைப் போற்றினார். அத்தகைய செவிக்கு இன்று சில நூறு ரூபாய் முதல் பல இலட்ச ரூபாய் வரை விலையுள்ள ஹெட்போன்கள் விற்கப்படுகின்றன. விலை உயர உயர ஒலியும் உயருமா? இரண்டு ஹெட்போன்களுள் எது சிறந்தது என்று எப்படித் தீர்ப்பது? இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இவ்வினாக்களுக்கு விடை தேட முற்பட்டேன்.

வெடிச் சத்தத்தோடு பிறந்து வளர்ந்த சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்து மாணவர்களாகிய நமக்கு இந்த ஆய்வு பொழுதுபோக்கு மட்டுமன்று. அதன் காரணத்தைக் கட்டுரையின் போக்கில் காண்போம்.

வளர்ந்த வரலாறு

1910-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் கையால் செய்த ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படைக்கு அளித்தார். அன்று அது தந்திச் செய்தி கேட்கும் கருவி. இசைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1937-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் டி.டி. 48 என்ற இயங்குசுருள் வகை ஹெட்போனை வெளியிட்டது. 1958-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ், இரு காதுக்கும் தனித்தனி ஒலி தரும் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். 1960-இல் ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் நிலைமின் வகையைக் கொண்டுவந்தது. 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற, பின்புறம் திறந்த ஹெட்போனை விற்பனைக்கு விட்டது. 1979-இல் சோனியின் வாக்மேன் பிறந்தபின் ஹெட்போன் வீட்டை விட்டு வீதிக்கு வந்தது.

நம் நாட்டிலும் பாட்டு ஸ்டீரியோ முறைக்கு மாறியது. 1978-இல் வந்த 'பிரியா' திரைப்படத்தின் பாடல்கள், ஸ்டீரியோவில் பதிவான தொடக்க காலத் தமிழ்ப் பாடல்களுள் அடங்கும். வயலின் இடப்புறமும் கிட்டார் வலப்புறமும் ஒலிப்பதைத் தனித்தனியே உணர, ஹெட்போனைவிட எளிய கருவி வேறில்லை.

மூவகை ஹெட்போன்கள்

உயர்விலை ஹெட்போன்களை அவை ஒலி எழுப்பும் முறையைக் கொண்டு மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது இயங்குசுருள் வகை. சிறு கம்பிச்சுருள் ஒன்று மெல்லிய தகட்டோடு ஒட்டப்பட்டு, காந்தத்தின் இடைவெளியில் அசைகிறது. நம் வீட்டு ஒலிபெருக்கியின் சிறு வடிவமே இது. 1997-இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 600, 2009-இல் வந்த எச்.டி. 800 ஆகியன இவ்வகையின.

இரண்டாவது சமதளக் காந்த வகை. இதில் சுருள் கிடையாது. மெல்லிய படலத்தின் மேலேயே மின்பாதை பதிக்கப்பட்டு, காந்த வரிசைகளுக்கு நடுவே படலம் முழுவதும் ஒன்றாக அசைகிறது. 1976-இல் யமஹா நிறுவனம் எச்.பி. 1 என்ற பெயரில் இவ்வகையை விற்றது. ஆடிஸி, ஹைஃபைமேன் போன்ற நிறுவனங்கள் பிற்காலத்தில் இதற்குப் புத்துயிர் கொடுத்தன.

மூன்றாவது நிலைமின் வகை. சில மைக்ரான் கனமே உள்ள படலம், துளையிட்ட இரு மின்தகடுகளுக்கிடையே தொங்குகிறது. ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் பிற்கால ஹெட்போன்களில் அப்படலத்துக்கு 580 வோல்ட் நிலைமின்னழுத்தம் தரப்படுகிறது. இதற்குத் தனிப் பெருக்கி வேண்டும். 1991-இல் வந்த சென்ஹைசரின் 'ஆர்ஃபியஸ்' இவ்வகையில் புகழ்பெற்றது. அது சுமார் 300 எண்ணிக்கையே செய்யப்பட்டது.

பட்டாசு கற்பிக்கும் பாடம்

ஒலியை எப்படி ஒப்பிடுவது என்பதை நமக்கு நம் ஊர்ப் பட்டாசே கற்றுத்தருகிறது. 1999-ஆம் ஆண்டு மைய அரசு வகுத்த விதியின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல், அல்லது உச்ச அளவாக 145 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ வெடிக்கவோ கூடாது. அளக்கும் இடம் கெட்டியான கான்கிரீட் தளமாக இருக்கவேண்டும். சுற்றிலும் 15 மீட்டர் தூரத்துக்கு ஒலியைத் திருப்பும் சுவர் முதலிய எதுவும் இருத்தலாகாது.

இவ்வளவு நிபந்தனைகள் ஏன்? தூரம் இரட்டிப்பானால் திறந்த வெளியில் ஒலி 6 டெசிபல் குறையும். 4 மீட்டரில் 125 டெசிபல் காட்டும் வெடி, 8 மீட்டரில் 119 காட்டும். 1 மீட்டரில் 137 காட்டும். தூரத்தைச் சொல்லாமல் வெறும் டெசிபலைச் சொல்பவர், எடைக்கல்லை மறைத்துக்கொண்டு தராசைத் தூக்குபவருக்கு ஒப்பாவார்.

சரவெடிக்கு அதே விதி வேறு கணக்குச் சொல்லிற்று. சரத்திலுள்ள வெடிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை கண்டு, அதை 5-ஆல் பெருக்கி, வரும் தொகையை ஒற்றை வெடிக்குரிய வரம்பிலிருந்து கழிக்கவேண்டும். நூறு வாலாவுக்கு 10 டெசிபல் கழியும்; ஆயிரம் வாலாவுக்கு 15 கழியும். (சரவெடிகளையே உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்தது.) ஒரே ஓசை பலமுறை தொடரும்போது காதுக்கு நேரும் சுமை கூடும் என்ற உண்மை இக்கணக்கில் பொதிந்துள்ளது.

இன்னொரு பாடமும் உண்டு. ஒற்றை வெடியின் சத்தம் மிகக் குறுகிய நேரத்துத் துடிப்பு. ஃபூரியேயின் கணிதப்படி, இத்தகைய குறுந்துடிப்பில் தாழ்ந்த அதிர்வெண் முதல் உயர்ந்த அதிர்வெண் வரை எல்லாம் அடங்கியிருக்கும். ஹெட்போனைச் சோதிக்கும் பொறியாளரும் இதையே செய்கிறார். ஒரு சிறு மின்துடிப்பைச் செலுத்தி, அதிர்தகடு எவ்வளவு விரைவாக அசைந்து எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்று பார்க்கிறார். உடனே அடங்கினால் நன்று. அடங்காமல் வால் நீட்டினால் அந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு உள்ளது என்று பொருள். இசையில் அது கரகரப்பாகவோ கூச்சமாகவோ காதில் படும்.

காதும் கருவியின் ஒரு பகுதியே

பட்டாசை 4 மீட்டர் தள்ளி நின்று அளக்கலாம். ஹெட்போனை அப்படி அளக்க இயலாது. அது காதோடு சேர்ந்துதான் முழுமை பெறுகிறது. நம் காதுக் குழாய் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளம். ஒருபுறம் திறந்தது, மறுபுறம் செவிப்பறையால் மூடியது. மூடிய குழாயின் அடிப்படை அதிர்வெண், ஒலியின் திசைவேகத்தைக் குழாய் நீளத்தின் நான்கு மடங்கால் வகுக்கக் கிடைக்கும் என்று மேல்நிலை வகுப்பிலேயே படித்தோம். 343-ஐ 0.1-ஆல் வகுத்தால் 3,430 ஹெர்ட்ஸ். ஆகவே 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைக் காது தானாகவே பெருக்கிக் கொள்கிறது.

இதனால்தான் சோதனைக்கூடங்களில் செயற்கைக் காது பயன்படுகிறது. 1972-இல் அமெரிக்காவில் உருவான 'கேமர்' என்ற பொம்மை, மனிதத் தலையும் மடலும் காதுக் குழாயும் கொண்டது. செவிப்பறை இருக்கவேண்டிய இடத்தில் அதற்கு ஒலிவாங்கி பொருத்தப்பட்டிருக்கும். இத்தகைய செயற்கைக் காதில் அளக்கும்போது ஒரு நல்ல ஹெட்போனின் வரைபடம் நேர்க்கோடாக இராது. 3,000 ஹெர்ட்ஸ் அருகே மேடு காட்டும். மேடு இருப்பது குறையன்று, தேவை. அதைக் கண்டு 'ஒலி கோணலாக உள்ளது' என்பார் இயற்பியல் அறியாதார்.

ஒப்பிடும் முறை

சென்னையில் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன், பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது மூன்று ஹெட்போன்கள் கொண்டுவந்தார். ஒன்று விலை குறைந்த மூடிய வகை, ஒன்று திறந்த இயங்குசுருள் வகை, ஒன்று சமதளக் காந்த வகை. அண்ணனிடம் நான் கற்ற முறைகளை வரிசைப்படுத்துகிறேன்.

(1) ஒலியளவைச் சமன் செய்தல்: இதுவே முதல் விதி. சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகத் தோன்றும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெச்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933-இல் காட்டியபடி, ஒலி மெல்லியதாகும்போது காதுக்குத் தாழ்சுரங்கள் விரைவாக மங்கிவிடுகின்றன. ஒலியைச் சற்றுக் கூட்டினால் தாழ்சுரம் நிறைந்து வருகிறது. கேட்பவர் அதைக் கருவியின் சிறப்பு என்று எண்ணிவிடுகிறார். ஒரே திருகு நிலையில் இரு ஹெட்போன்கள் ஒரே அளவில் ஒலிப்பதில்லை. 1 வோல்ட் மின்னழுத்தம் 32 ஓம் ஹெட்போனில் 31 மில்லிவாட் திறன் தரும். 300 ஓம் உள்ள எச்.டி. 600-இல் 3.3 மில்லிவாட்டே தரும். கெட்டி அட்டையில் துளையிட்டுச் சிறு ஒலிவாங்கியைப் பொருத்தி, அதன்மேல் ஹெட்போனின் மெத்தையை இடைவெளியின்றி வைத்து, 500 ஹெர்ட்ஸ் ஒலியில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரவேண்டும். எங்கள் வீட்டில் சமன் செய்வதற்கு முன் எல்லோரும் மூடிய வகையையே மெச்சினர். சமன் செய்தபின் அந்த மெச்சல் போய்விட்டது.

(2) பெயரும் விலையும் அறியாது கேட்டல்: விலைச்சீட்டைக் கண்ட காது நடுநிலை தவறும். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கவேண்டும். ஹெட்போனை மாட்டிவிடுபவர் வேறொருவராக இருக்கவேண்டும். எனினும் எடையும் மெத்தையின் தன்மையும் எது எது என்று காட்டிக்கொடுத்துவிடும். இத்தடையை நீக்க ஹார்மன் நிறுவனத்து ஷான் ஆலிவ் குழுவினர் ஒரு வழி கண்டனர். ஒரே ஹெட்போனை மாட்டிவைத்து, மின்னணு முறையில் பல ஹெட்போன்களின் ஒலித்தன்மையை அதிலேயே வரவழைத்துக் கேட்கச் செய்தனர்.

(3) பலமுறை சோதித்தல்: இரண்டுக்கும் வேறுபாடு தெரிகிறது என்று ஒருவர் சொன்னால் 16 முறை சோதிக்கவேண்டும். வெறும் ஊகத்தால் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்ல வாய்ப்பு 100-க்கு 4-க்கும் குறைவு. நம் புள்ளியியல் பாடத்தின் ஈருறுப்புப் பரவல் இங்கே கைகொடுக்கிறது.

(4) அறிந்த இசையைக் கேட்டல்: புதிய பாட்டைக் கொண்டு ஒப்பிடுதல் வீண். தம்புராவும் மிருதங்கமும் மிகச் சிறந்த சோதனைக் கருவிகள். மிருதங்கத்தின் வலந்தரையிலுள்ள கரணை, அதன் மேற்சுரங்களைச் சீரான விகிதத்தில் அமைக்கிறது என்று சர் சி. வி. இராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். தம்புரா, வீணை ஆகியவற்றின் வளைந்த குதிரையால், மீட்டும் இடத்தில் இருக்கக்கூடாத மேற்சுரங்களும் ஒலிக்கின்றன என்று 1921-இல் காட்டினார். ஆகவே நல்ல ஹெட்போனில் தம்புராவின் ஜீவா நூலிழைபோல் விரிந்து கேட்கவேண்டும்; மிருதங்கத்தின் தொப்பி வயிற்றில் படும் கனத்தோடும், வலந்தரை தெளிந்த சுருதியோடும் ஒலிக்கவேண்டும்.

கேட்டறிந்த வேறுபாடுகள்

இம்முறையில் கேட்டபோது, திறந்த இயங்குசுருள் வகையில் பாடகியின் குரல் மிக இயல்பாக இருந்தது; ஆனால் தொப்பியின் அடியாழம் சற்று மெலிந்தது. சமதளக் காந்த வகையில் அந்த அடியாழம் குறையாமல் வந்தது. மூடிய வகையில் தாழ்சுரம் மிகுந்து குரலின் மேல் படர்ந்தது; தம்புராவின் மேற்சுரங்கள் அமுங்கின. இவை தனி மனிதக் கற்பனை அல்ல. எச்.டி. 600 போன்ற திறந்த இயங்குசுருள் ஹெட்போன்களின் அளவை வரைபடங்கள் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இறங்குவதையும், சமதள வகையின் வரைபடங்கள் அங்கே நேராகச் செல்வதையும் காணலாம்.

மிக விலையுயர்ந்தவற்றிலும் குறை உண்டு. எச்.டி. 800 அகன்ற வெளியில் இசை நிகழ்வது போன்ற உணர்வுக்குப் பெயர் பெற்றது. ஆனால் 6,000 ஹெர்ட்ஸ் அருகே அதற்கொரு கூர்மை இருந்தது. 2016-இல் வந்த எச்.டி. 800 எஸ் என்ற அடுத்த வடிவில், ஒத்ததிர்வை விழுங்கும் சிறு அமைப்பை வைத்து அக்கூர்மையைத் தணித்தனர்.

விலைக்கும் தரத்துக்கும் உள்ள உறவு

2017-இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் 283 ஹெட்போன்களின் அளவைகளை வெளியிட்டார். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எவ்வளவு ஒலிக்கிறது என்ற அளவில் பார்த்தால், விலைக்கும் தரத்துக்கும் தொடர்பு ஏதும் தென்படவில்லை என்பது அவர் கண்ட முடிவு. விலை கூடினால் பொருளின் உழைப்பு, மாட்டியிருக்கும் சுகம், உதிரிப் பாகம் கிடைக்கும் வசதி ஆகியன கூடலாம். ஒலியின் நேர்மை அதனோடு சேர்ந்து வரும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே ஏழை மாணவன் ஏக்கம் கொள்ளவேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கத் தெரிந்தவனுக்குச் சிறு விலையிலும் நல்லது கிட்டும்.

விலைமதிப்பற்ற கருவி எது?

ஒப்பீட்டு நாளில் என் பெரியப்பாவும் கேட்டார். பட்டாசு ஆலையொன்றில் வெடிகளை வெடித்துப் பார்க்கும் வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்தவர் அவர். தம்புராவை மூன்று ஹெட்போன்களிலும் கேட்டுவிட்டு, "எல்லாம் ஒண்ணுதானேப்பா" என்றார். நாங்கள் சிரித்தோம், அண்ணன் சிரிக்கவில்லை. அவர் ஒற்றைச் சுர ஒலிகளை ஒவ்வொன்றாகக் கேட்கச் செய்தார். ஆயிரம் ஹெர்ட்ஸ் கேட்டது. நாலாயிரத்தில் பெரியப்பா கையை உயர்த்தவே இல்லை. பின்னர் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செய்த சோதனையிலும் அதே இடத்தில் பள்ளம் தெரிந்தது.

இப்பள்ளம் மருத்துவ நூல்களில் நன்கு அறியப்பட்டது. பெருஞ்சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸுக்குள், சிறப்பாக 4,000 அருகே தொடங்குகிறது. உட்காதின் நத்தைக்கூட்டிலுள்ள மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் பேச்சு கேட்கும். மெய்யெழுத்துகள் மட்டும் குழம்பும். 'சங்கு' என்றதைத் 'தங்கு' என்று கேட்பவர் தமக்குக் குறை என்று நினைப்பதில்லை. பிறர் வாய்க்குள் முணுமுணுப்பதாக எண்ணுகிறார். பல ஆண்டுகளாகப் பெரியப்பா எங்களை "உரக்கப் பேசுங்கடா" என்று கடிந்ததன் பொருள் அன்றுதான் எங்களுக்கு விளங்கிற்று. விலையுயர்ந்த ஹெட்போன்கள் தம் வேறுபாட்டைக் காட்டும் இடமும், வெடிச்சத்தம் முதலில் தின்னும் இடமும் அருகருகே உள்ளன என்பதே இவ்வாய்வில் நான் கண்ட முக்கிய உண்மை.

ஆபத்து ஆலையில் மட்டும் இல்லை. அச்சுக்கூடத்தின் இயந்திர ஓசையிலும், விருதுநகர்ப் பேருந்தின் இரைச்சலிலும் நம் நண்பர்கள் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்கின்றனர். வெளி இரைச்சலை வெல்லப் பாட்டின் அளவை ஏற்றுகின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி. 86-இல் 10 மணி. 89-இல் 5 மணி. 98 டெசிபலில் முப்பத்தேழரை நிமிடமே. அதுவும் ஒரு வாரம் முழுமைக்கும்! தினமும் போகவர ஒரு மணி நேரம் உரக்கக் கேட்பவர் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கட்டும்.

முடிவுரை

ஹெட்போன் வாங்க விரும்பும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியவை சில. ஒலியளவைச் சமன் செய்து, பெயரை மறைத்து, அறிந்த இசையால் ஒப்பிடுங்கள். அமைதியான அறையில் கேட்பவர்க்குத் திறந்த வகை ஏற்றது. இரைச்சலில் கேட்டே ஆகவேண்டியவர், வெளிச்சத்தத்தைத் தடுக்கும் மூடிய வகையைத் தேர்ந்தால் அளவை ஏற்றவேண்டிய தேவை குறையும். சாலையைக் கடக்கும்போதும் இயந்திரத்தின் அருகிலும் எதையும் மாட்டாதீர்கள். வெடிச்சத்தத்தில் வேலை செய்யும் தந்தையோ அண்ணனோ வீட்டில் இருந்தால், காதடைப்பான் அணியச் சொல்லுங்கள். ஆண்டுக்கொருமுறை செவிச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஹெட்போன் பழுதானால் கடையில் வேறு வாங்கலாம். மயிர்ச்செல்லை விற்கும் கடை எந்த ஊரிலும் இல்லை. உலகுக்கு வெடிச்சத்தத்தை அனுப்பிவைக்கும் நம் மண்ணின் பிள்ளைகள், தம்புராவின் மெல்லிய ஜீவாவையும் கேட்கும் செவியோடு முதுமை எய்தவேண்டும். அதற்கான காவலை இளமையிலேயே தொடங்குவோமாக!